கொழும்பின் பொருளாதாரம் மீள்வதில் உள்ளூர் ஊடகங்களுக்குப் பங்கு உண்டா?

பத்திரிகையும் வானொலியும் ஒரு நகரத்தின் வியாபாரத்தை நிமிர்த்துமா என்று கேட்டிருக்கிறீர்கள். தனித்து நிமிர்த்தாது. 2022 ஏப்ரலில் டொலர் தட்டுப்பாட்டால் வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துவதை இலங்கை நிறுத்தியது; 2023 மார்ச்சில் சர்வதேச நாணய நிதியம் ஏறத்தாழ 300 கோடி டொலர் உதவிக்கு ஒப்புதல் அளித்தது. அவை அரசும் நிதியமும் எடுத்த முடிவுகள்.

ஆனால் 2022இல் வெற்றுச் சிலிண்டரோடு வெள்ளவத்தையில் விடியும் முன்பே வரிசையில் நின்ற சாப்பாட்டுக் கடைக்காரரை நினைத்துப் பாருங்கள். கப்பல் வந்ததா, நாளை எரிவாயு கிடைக்குமா என்பதைத் தமிழில் சரியாகச் சொல்லும் ஒரு செய்தி, அவருடைய ஒரு நாள் வியாபாரத்தைக் காப்பாற்றும். அந்த இடத்தை வதந்தி பிடித்தால் பதுக்கல் தொடங்கும். மொத்த வியாபாரம் நடக்கும் புறக்கோட்டையில் பருப்பு விலை ஏறும்.

ஊடகமும் அதே நெருக்கடியில்தான் சிக்கியது. அச்சுக் காகிதம் இறக்குமதியாவது. டொலர் இல்லாமல் சில பத்திரிகைகள் அப்போது அச்சையே நிறுத்தின. 1930இல் தொடங்கிய வீரகேசரி போன்ற தமிழ் நாளிதழ்கள் இன்று கடன் மறுசீரமைப்பையும் (நாட்டின் கடனை அடைக்கும் நிபந்தனைகளை மாற்றி அமைப்பது) வரி விதிகளையும் சிறுகடைக்காரருக்குப் புரியும்படி இன்னும் விரிவாக எழுத வேண்டும். தலைவர்களின் அறிக்கைகளுக்குத் தரும் இடத்தில் பாதியைத் தந்தாலே போதும்.