பழைய சம்மிக்ரானா, புதியதா? ரேஞ்ச்ஃபைண்டர் லென்ஸ் கேள்வி-பதில்

கேள்வி: எங்கள் ஐயா பினாங்கில் இருந்தபோது வாங்கிய லைக்கா எம்3 கேமராவும், உள்ளே தள்ளி மடக்குகிற 50 மி.மீ. சம்மிக்ரான் லென்ஸும் பீரோவில் இருக்கின்றன. லென்ஸை மட்டும் விற்றுவிட்டுப் புதிய சம்மிக்ரான் வாங்கலாமா? (கானாடுகாத்தான் வாசகர்)

பதில்: விற்பதற்கு முன்னால் ஒரு டார்ச் எடுங்கள். லென்ஸைக் கழற்றி, அபெர்ச்சரை, அதாவது ஒளி நுழையும் துளையை, எஃப் 2 வரை முழுதாகத் திறந்து (எஃப் எண் கூடினால் துளை சுருங்கும்), இருட்டறையில் பின்பக்கமிருந்து சாய்வாக வெளிச்சம் அடித்து முன்பக்கம் வழியாகப் பாருங்கள். மூச்சு விட்ட கண்ணாடி மாதிரி வெண்படலம் தெரிந்தால் கவலை வேண்டாம். உள்ளே போட்ட கிரீஸிலிருந்து வந்து படிந்தது, பெரும்பாலும் பிரித்துத் துடைத்தால் போய்விடும். சிலந்தி நூல் போலக் கிளை பிரிந்திருந்தால் பூஞ்சை. பல வருஷத்துப் பூஞ்சை என்றால் துடைத்த பிறகும் கண்ணாடி மேலுள்ள பூச்சில் (கோட்டிங்) அரித்த தடம் நிற்கும். முன்கண்ணாடியில் வட்ட வட்டமாகச் சன்னக் கீறல் தெரிந்தால், யாரோ வேட்டி முனையால் ஆசையாகத் துடைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். 1950-களில் வந்த இந்த மடக்கு லென்ஸின் முன்பக்கக் கோட்டிங் அவ்வளவு மென்மையானது.

இதை அனுபவித்துச் சொல்கிறேன். என்னிடமிருந்த இதே லென்ஸை, படலம் எடுக்க ஒரு மெக்கானிக்கிடம் கொடுத்தேன். படலம் போனது. கூடவே முன்கண்ணாடியின் ஊதாப் பளபளப்பும் பாதி போய்விட்டது. இன்றைக்கும் வளவில் நின்று முற்றத்து வெயிலைப் பார்த்துப் படம் எடுத்தால், படம் முழுக்கப் பால் ஊற்றியது போல வெளுக்கிறது. பழுது பார்க்கக் கொடுக்கும்போது, முன்கண்ணாடியைத் தொடாதீர்கள் என்று வாய்விட்டுச் சொல்லுங்கள்.

உங்கள் லென்ஸ் சுத்தமாக இருந்தால் வைத்துக்கொள்ளுங்கள். நடுப்பகுதி நல்ல கூர்மை, கான்ட்ராஸ்ட் மட்டும் சற்றுக் குறைவு. கறுப்பு வெள்ளை ஃபிலிமில், உச்சி வெயிலில், அந்தக் குறைவே உங்களுக்கு அனுகூலம். ஒரு மீட்டருக்கும் கிட்டே போக முடியாது, அவ்வளவுதான். டிஜிட்டல் லைக்காவில் மாட்டினால் லென்ஸை உள்ளே மட்டும் தள்ளிவிடாதீர்கள், சென்சார் பக்கம் இடித்துவிடும்.

அப்படியும் புதியது வேண்டுமென்றால், கடைப்புதிதே வாங்க வேண்டியதில்லை. 50 மி.மீ. சம்மிக்ரானின் கண்ணாடி அமைப்பு 1979-ல் மாறியது. 1994-ல் வந்ததில், பக்கத்து வெயிலை மறைக்கும் நிழல்மூடி (ஹூட்) லென்ஸோடு சேர்ந்தே வந்தது, உள்ளே அதே கண்ணாடி அமைப்புதான். ஆகவே 1980-களின் நல்ல பிரதி ஒன்று கிடைத்தாலே போதும், மிச்சப் பணத்துக்கு ஃபிலிம் வாங்கலாம். நிறப் பிசிறை இன்னும் குறைத்த ஏபிஓ சம்மிக்ரான் வேறு வடிவமைப்பு, விலையும் வேறு உலகம். அதை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை.

கேள்வி: 35 மி.மீ. சம்மிக்ரானில் நான்காம் பதிப்பா, ஆஸ்ஃபெரிக்கலா? வீடுகளின் உட்புறம்தான் அதிகம் எடுப்பேன். (காரைக்குடி வாசகி)

பதில்: உங்களுக்கு ஆஸ்ஃபெரிக்கல், அதாவது சாதாரண உருண்டை வளைவில்லாத கண்ணாடி ஒன்றை உள்ளே வைத்த பிந்திய பதிப்பு. நான்காம் பதிப்பைப் 'பொக்கே ராஜா' என்று கொண்டாடிக் கொண்டாடியே விலையை ஏற்றிவிட்டார்கள். ஆள் முகத்துக்குப் பின்னால் மங்கும் பகுதி (அதன் தன்மைதான் பொக்கே) அதில் அழகுதான், நானும் ரசிப்பவன். ஆனால் உங்கள் படத்தில் மங்குவதற்கு என்ன இருக்கிறது? பட்டாலையின் இருட்டில் பர்மாத் தேக்குத் தூண், அதற்குப் பின்னால் வெயில் கொட்டும் முற்றம், காலடியில் ஓரம் வரை ஆத்தங்குடிக் கல். ஸ்டாண்ட் இல்லாமல் எஃப் 2-ல் எடுத்தால், ஓரத்துக் கல்லின் பூ வேலை நான்காம் பதிப்பில் குழையும், 1990-களில் வந்த ஆஸ்ஃபெரிக்கலில் நிற்கும். ஸ்டாண்ட் வைத்து எஃப் 8-ல் எடுப்பீர்கள் என்றால் இரண்டையும் பிரித்துச் சொல்ல எனக்கே கஷ்டம். அப்போது எது மலிவோ அது.

கேள்வி: ஃபோக்ட்லெண்டர் நாக்டன் 35 மி.மீ. எஃப் 1.4 லென்ஸின் முதல் பதிப்பு பாதி விலைக்கு வருகிறது. எஃப் 2.8-ல் எடுத்தால் குவியம் பின்னால் போகிறது என்கிறார்களே? (தேவகோட்டை வாசகர்)

பதில்: உண்மைதான். லென்ஸின் ஓரம் வழியாக வரும் ஒளியும் நடு வழியாக வரும் ஒளியும் ஒரே இடத்தில் குவிவதில்லை. அபெர்ச்சரைச் சுருக்கினால் ஓரத்து ஒளி நின்றுபோகும், கூர்மையான இடம் சற்றுப் பின்னால் நகரும். ரேஞ்ச்ஃபைண்டர் என்பது தூரம் பார்த்து ஃபோகஸ் வைக்க கேமராவிலேயே உள்ள தனி ஏற்பாடு; அது லென்ஸ் வழியாகப் பார்ப்பதில்லை, அதனால் அந்த நகர்வு அதற்குத் தெரியாது. கண்ணில் ஃபோகஸ் வைத்தீர்கள், காதுத் தோடு கூர்மையாக வந்தது என்றால் காரணம் இதுதான். இரண்டாம் பதிப்பில் இதைக் குறைத்திருக்கிறார்கள். திரையில் பார்த்து ஃபோகஸ் செய்யும் கேமரா உங்களிடம் இருந்தால் முதல் பதிப்பையே வாங்கலாம், எடுக்கப் போகும் அபெர்ச்சரிலேயே ஃபோகஸ் வையுங்கள். ஃபிலிம் கேமரா என்றால் இரண்டாவதே நல்லது. எதை வாங்கினாலும் வாசல் நிலையை விளிம்போடு சேர்த்து எடுக்காதீர்கள், வெளிப்பக்கமாக வளையும்.

கேள்வி: எம்3-யில் 35 மி.மீ. போடலாமா? (பள்ளத்தூர் வாசகர்)

பதில்: மாட்டலாம். ஆனால் எம்3-யில் கண் வைத்துப் பார்க்கும் பார்வைச் சட்டத்தில் 50, 90, 135 மி.மீ. லென்ஸுக்கான எல்லைக் கோடுகள்தான் உண்டு. எம்3-க்கென்றே, பார்வைச் சட்டத்துக்கு முன்னால் மூக்குக்கண்ணாடி போல ஒரு கண்ணாடி வைத்த 35 மி.மீ. சம்மிக்ரான் பழைய பதிப்பில் வந்தது, அதைத் தேடுங்கள். அந்த மூக்குக்கண்ணாடி உடைந்திருந்தால் வாங்காதீர்கள்.

கேள்வி: ஐப்பசி மழையில் லென்ஸை எப்படிக் காப்பாற்றுவது? (கண்டனூர் வாசகி)

பதில்: தோல் பையிலிருந்து முதலில் வெளியே எடுங்கள். தோல் ஈரத்தை வாங்கி வைத்துக்கொள்ளும், பூஞ்சைக்கு அதைவிட நல்ல வீடு கிடையாது. இறுக்கி மூடும் பிளாஸ்டிக் டப்பாவில் சிலிகா ஜெல்லோடு வையுங்கள். நீல மணி நிறம் மாறினால் வாணலியில் இளஞ்சூட்டில் வறுத்து, ஆறவைத்துத் திரும்பப் போடுங்கள். அந்துருண்டை வேண்டாம், அதன் ஆவி கண்ணாடியில் படியும். எல்லாவற்றையும்விட, வாரம் ஒரு தரம் வெளியே எடுத்து நாலு படம் எடுங்கள். பூட்டி வைத்த லென்ஸில்தான் பூஞ்சை அதிகம் பார்த்திருக்கிறேன்.