வடாம் யாருக்கு?

கேள்வி: அம்மாவுக்கு 61 வயது. பிரஷருக்குப் புது மாத்திரை மாற்றிக் கொடுத்து ஒரு மாதம் ஆகிறது. முன்னங்கை, கழுத்தெல்லாம் சிவந்து தடித்து அரிப்பு தாங்கவில்லை. ஜாக்கெட் மறைக்கிற இடத்தில் ஒன்றும் இல்லை. இந்த அரிப்போடுதான் எங்கள் மூன்று வீட்டுக்கும் வடாம் பிழிந்து முடித்தார். மாத்திரையை நிறுத்தச் சொல்லிவிட்டான் தம்பி. ஒன்பது நாள் ஆகிறது. பூச ஏதாவது நல்ல களிம்பு சொல்லுங்களேன். - ஒரு வாசகி, திருச்சி

பதில்: களிம்பு இருக்கட்டும். மூன்று வீட்டு வடாம் என்று போகிறபோக்கில் எழுதினீர்களே, அதற்கு வருகிறேன். திருச்சி வெயிலில், மொட்டை மாடியில், எத்தனை நாள்? பிழிந்தது அம்மா. காக்காய் விரட்டியது யார்? அதுவும் அம்மாதானே?

வெயில் பட்ட இடம் தடித்திருக்கிறது, துணி மறைத்த இடம் தப்பித்திருக்கிறது. விடையை நீங்களே எழுதிவிட்டுக் களிம்பு கேட்கிறீர்கள். மாத்திரை அட்டையைத் திருப்பிப் பாருங்கள். டெல்மிசார்டன் 40 என்று போட்டு, பக்கத்தில் ஹைட்ரோகுளோரோதயசைடு 12.5 என்று இருக்கிறதா? அது சிறுநீரைப் பிரிய வைக்கும் மருந்து. சிலருக்கு அதைச் சாப்பிட்டுவிட்டு வெயிலில் நின்றால் தோல் இப்படித்தான் சிவக்கும். அதுதான் காரணமா என்று டாக்டர் பார்த்துச் சொல்லட்டும். பிரஷருக்கு வேறு ரக மாத்திரைகள் எத்தனையோ இருக்கின்றன. ஒன்றில் கால் வீங்கும், ஒன்றில் வறட்டு இருமல் வரும். ஒத்துக்கொள்ளாததைச் சொன்னால் மாற்றித் தருவார்கள்.

உங்கள் தம்பி எந்தக் கல்லூரியில் மருத்துவம் படித்தார்? அட்டையில் அடெனோலால், மெட்டோபிரோலால் மாதிரி ஏதாவது இருந்தால், அதைத் திடீரென நிறுத்துவது நெஞ்சுவலி வரைக்கும் கொண்டுபோய் விடலாம். போனில் உத்தரவு போடத் தெரிந்தவருக்கு, அம்மாவை டாக்டரிடம் அழைத்துப்போக ஒரு நாள் லீவு கிடைக்கவில்லை. உங்களுக்கும்தான். வடாம் டப்பாவை வாங்கிப்போக மட்டும் மூன்று பேரும் வந்திருப்பீர்கள். பெற்றவளின் கையைப் பார்க்காமல் அவள் கைப்பண்டத்தை வாங்குகிற பிள்ளைகள் மேல் எனக்கு மரியாதை கிடையாது.

நாளைக் காலையிலேயே அட்டையோடு கிளம்புங்கள். நிறுத்தி ஒன்பது நாள் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். நடுவில் உதடோ நாக்கோ வீங்கினால், மூச்சு முட்டினால், கொப்புளம் கிளம்பினால் காலை வரை காத்திருக்காதீர்கள். நேரே அவசரப் பிரிவு.

இன்னொன்று. இத்தனை எழுதியவர், இந்த ஒன்பது நாளில் அம்மாவின் பிரஷர் எவ்வளவு என்று ஓர் இடத்திலும் எழுதவில்லை. யாராவது பார்த்தீர்களா?