கொப்பி இப்போதே வேண்டுமா?

கேள்வி: மகளுக்கு மூன்று வயது, முன்பள்ளிக்கு இன்னும் விடவில்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளை ஆனா ஆவன்னா எழுதுகிறது. நானும் கொப்பி, பென்சில் வாங்கிப் பழக்கவா?
- ஒரு தாய், கொக்குவில், யாழ்ப்பாணம்

பதில்: அவசரமில்லை தங்கச்சி. பென்சில் பிடிக்க முதலில் விரல்களுக்குப் பலம் வேணும். இடியப்பத்துக்குக் குழைத்த மாவில், சூடு ஆறினதும், ஒரு உருண்டை கொடுத்துப் பாருங்கள், பாம்பு செய்வாள், ரொட்டி தட்டுவாள், பிய்த்து எறிவாள், எறியட்டும். வெங்காயத்தைப் பெரிசு, சின்னன் என்று பிரிக்க விடுங்கள். திருநெல்வேலிச் சந்தைக்குக் கூட்டிக்கொண்டு போய்க் கத்தரிக்காயை அவளையே எண்ணிப் பையில் போடச் சொல்லுங்கள், பிழைத்தால் அதட்டாமல் சேர்ந்து ஒருக்கால் எண்ணினால் சரி. புளியங்கொட்டை, சோகி கொடுத்தால் மட்டும் பக்கத்திலேயே இருங்கள், வாய்க்குள் போட்டுவிடுவார்கள்.

எல்லாவற்றிலும் முக்கியம் கதைப்பது. குளிக்க வார்க்கும்போது, உடுப்பு மடிக்கும்போது செய்வதைச் சொல்லிக்கொண்டே இருங்கள், ஏதாவது கேட்டால் அவள் பதில் சொல்லும்வரை பொறுங்கள். அம்மம்மாவிடம் ஒரே நரிக்கதையைத் திரும்பத் திரும்பக் கேட்கிறாளா? கேட்கட்டும், அப்படித்தான் சொற்கள் மனதில் ஏறும்.

அப்புறம் இந்த போன். மூன்று, நான்கு வயதுக்கு ஒரு நாளில் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் திரை வேண்டாம், குறைந்தால் இன்னும் நல்லது என்று 2019இல் உலக சுகாதார அமைப்பு சொல்லியிருக்கிறது. சோறு தீத்தும்போது போனைக் கையில் கொடுப்பது எனக்குத் துண்டறப் பிடிக்காது.