கேளுங்கோ, சொல்லுறன்: அமெரிக்க நேர்ஸ் லைசன்ஸ்

கேள்வி: அக்கா, நான் கலிபோர்னியாவில ஆர்.என். (பதிவு பெற்ற நேர்ஸ்) ஆ வேலை செய்தனான், அம்மாவுக்கு பாரிசவாதம் வந்ததால லீவு போட்டிட்டு வெள்ளவத்தைக்கு வந்து ஒன்றரை வருசம் ஆச்சு. என்ர பிறந்தநாள் மே மாசம், லைசன்ஸ் ஜூன் 30 முடியுதாம். ஒரு கிளாஸும் செய்யேல்ல, இங்க ஒரு ஆஸ்பத்திரியில ரெண்டு நாள் செமினார் மட்டும் போனன். லைசன்ஸ் போயிடுமோ?
— வெள்ளவத்தை வாசகி

பதில்: போகாது தங்கச்சி, முதல்ல ஒரு பிளேன்டீ குடியுங்கோ. கலிபோர்னியாவில ரெண்டு வருசத்துக்கு ஒருக்கா, பிறந்த மாசத்துக்கு அடுத்த மாசம் கடைசி நாளோட முடியிறதுதான் வழக்கம், அதால உங்கட திகதி சரி. நான் டிசம்பர்காரி, எனக்கு ஜனவரி 31, தைப்பொங்கல் பொங்கி முடிச்சு பானை கழுவேக்கதான் ஐயோ லைசன்ஸ் எண்டு ஞாபகம் வரும், ஒவ்வொரு முறையும் அதே கூத்துத்தான்.

புதுப்பிக்கிறதுக்கு 30 கொன்டக்ட் அவர்ஸ், அதாவது தொடர்கல்விப் பாட நேரம், வேணும். அங்க 50 நிமிசத்தைத்தான் ஒரு மணித்தியாலமா கணக்கு வைக்கினம், அப்ப மணிக்கூடு பாத்தா மொத்தம் 25 மணித்தியாலம், எல்லாத்தையும் ஒன்லைனில செய்யலாம், அம்மா மத்தியானம் நித்திரை கொள்ளேக்க ஒவ்வொண்டா இருந்து செய்தா முடிஞ்சிடும். பாடம் தாற நிறுவனம் அவையிட நேர்சிங் போர்ட் ஏற்றுக்கொண்டதா இருக்கோணும், சேர்டிபிகேட்டில சிஈபி நம்பர் (பாடம் தாற நிறுவனத்துக்கு போர்ட் குடுக்கிற அங்கீகார இலக்கம்) இருக்கோ எண்டு காசு கட்ட முதல் பாருங்கோ. நீங்க போன செமினார் அப்பிடி ஒரு அங்கீகாரம் இல்லாட்டி கணக்கில வராது. யோகா கிளாஸ், உடம்பு மெலியிற கிளாஸ், தன்னம்பிக்கை வளர்க்கிற கிளாஸ் ஒண்டும் எடுபடாது, அதை விதியிலயே எழுதி வச்சிருக்கினம், ஆரோ கனபேர் கொண்டுபோய்க் குடுத்திருப்பினம் போல!

30 மணித்தியாலம் இப்ப ஏலாது எண்டா இன்னொரு வழி இருக்கு, இது கனபேருக்குத் தெரியாது. புதுப்பிக்கிற கட்டணத்தை மட்டும் கட்டிட்டு 'இன்அக்டிவ்' எண்டு போடலாம். லைசன்ஸ் உங்கட பேரிலயே இருக்கும், ஆனா அதை வச்சு கலிபோர்னியாவில ஒரு ஊசிகூடப் போடேலாது. திரும்பிப் போற நேரம் 30 மணித்தியாலத்தையும் முடிச்சிட்டு அக்டிவ் ஆக்கலாம், அதுவும் அதுக்கு முந்தின ரெண்டு வருசத்துக்குள்ள செய்த பாடமா இருக்கோணும், பழசு சரிவராது. ஒண்டுமே செய்யாமல் விட்டா 8 வருசம் வரைக்கும் பிந்தின கட்டணமும் சேத்துக் கட்டி, மணித்தியாலத்தையும் காட்டி எடுக்கலாம், அதைத் தாண்டினா வேற ஸ்டேட்டில அக்டிவ் லைசன்ஸ் இருக்கோணும் இல்லாட்டி திரும்ப சோதனை எழுதோணும். அம்பது வயசில திரும்ப என்கிளெக்ஸ் எண்ட அந்த நேர்ஸ் சோதனை எழுதிற கொடுமை ஆருக்கும் வேண்டாம்.

புதுப்பிக்கேக்க சேர்டிபிகேட் அனுப்பத் தேவையில்ல, செய்தனான் எண்டு உறுதி சொன்னாப் போதும். ஆனா திடீரெண்டு சேர்டிபிகேட்டைச் சரிபாக்கிற ஓடிட்டுக்கு கூப்பிடுவினம், அதால 4 வருசம் பத்திரமா வச்சிருங்கோ. நான் பிஸ்கட் டின்னில போட்டு அலுமாரிக்கு மேல வச்சன், ஓடிட் ஈமெயில் வந்த கிழமை திறந்து பாத்தா மூடி சரியா பூட்டாமல் ரெண்டு தாளில கறையான்! நல்லகாலம், பாடம் தந்த ஆக்களும் 4 வருசம் பதிவு வச்சிருக்கோணுமாம், கேட்டு டியூப்ளிகேட் எடுத்தன். இப்ப எல்லாத்தையும் போனில படம் எடுத்து எனக்கே ஈமெயில் போட்டு வைக்கிறன்.

கேள்வி: எங்கட அண்ணாவின்ர மகள் டெக்சஸில நேர்ஸ், மல்டிஸ்டேட் லைசன்ஸாம். கலியாணம் முடிஞ்சு மாப்பிள்ளையோட நியூயோர்க் போகப் போறா. அதே லைசன்ஸ் போதும் எண்டு பெடியன் சொல்லுறான், உண்மையோ?
— கொட்டாஞ்சேனை வாசகர்

பதில்: மாப்பிள்ளைக்கு விளக்கம் காணாது ஐயா. மல்டிஸ்டேட் எண்டது, ஒரே லைசன்ஸில வேலை செய்ய விடுறம் எண்டு ஸ்டேட்டுகள் தங்களுக்குள்ள செய்த ஒப்பந்தத்தில சேந்த ஸ்டேட்டுகளுக்கு மட்டும்தான், புளோரிடா சேந்திருக்கு, நியூயோர்க்கும் கலிபோர்னியாவும் சேரேல்ல. பிள்ளை நியூயோர்க்குக்கு தனியா விண்ணப்பிக்கோணும், கையில கிடைக்க முதல் அங்க வேலைக்கு ஒப்புக்கொள்ளக் கூடாது. அதால கலியாணக் காட் அடிக்க முதலே விண்ணப்பத்தைப் போடச் சொல்லுங்கோ.

ஒவ்வொரு ஸ்டேட்டும் ஒவ்வொரு மாதிரி. டெக்சஸில ரெண்டு வருசத்துக்கு 20 மணித்தியாலம். நியூயோர்க்கில லைசன்ஸ் ஆயுளுக்கும், ஆனா 3 வருசத்துக்கு ஒருக்கா பதிவைப் புதுப்பிக்கோணும், நேர்ஸ்மாருக்கு பொதுவா இத்தனை மணித்தியாலம் எண்டு இல்ல, தொற்றுத் தடுப்புப் பாடம் மட்டும் 4 வருசத்துக்கு ஒருக்கா. 3க்கும் 4க்கும் பொருந்தாததால கனபேர் குழம்புறவை, ரெண்டு திகதியையும் கலண்டரில வேற வேற நிறத்தில குறிக்கச் சொல்லுங்கோ.

கேள்வி: மகன் கலிபோர்னியாவில டொக்டர். அவருக்கும் நேர்ஸ்மாருக்கு மாதிரி 30 மணித்தியாலப் பாடம்தானோ?
— பம்பலப்பிட்டி வாசகி

பதில்: இல்லம்மா, டொக்டர்மாருக்கு வேற போர்ட், ரெண்டு வருசத்துக்கு 50 மணித்தியாலம்.