கத்திரி வெயிலில் மாடித்தோட்டம்: வாங்குவோர் கேள்விகள்

பங்குனி பிறந்ததும் தோட்டக் கேள்விகள் வந்து குவிகின்றன. பிள்ளைகளுக்கு லீவு, பெரியவர்களுக்கு ஆசை, கடைக்காரர்களுக்கு சீசன். இந்த முறை வந்தவற்றில் ஐந்தை எடுத்துக்கொண்டேன்.

கேள்வி: ‘கோடைக்கால வீட்டுத்தோட்டம்’ என்ற 40 வகை விதைத் தொகுப்பை இணையத்தில் 499 ரூபாய்க்கு வாங்கினேன். வெண்டையும் தண்டுக்கீரையும் நன்றாக வந்தன. காலிஃபிளவர், லெட்டூஸ், கேரட் எதுவும் தேறவில்லை. மிளகாயில் பத்து விதை போட்டதில் ஆறுதான் முளைத்தது. விற்றவரைக் கேட்டால் “உங்கள் மண் சரியில்லை” என்கிறார். பணத்தைத் திரும்பக் கேட்க முடியுமா? (திருச்சி வாசகி)

பதில்: தாராளமாகக் கேட்கலாம். ஆனால் எதைச் சொல்லிக் கேட்கிறீர்கள் என்பது முக்கியம்.

முதலில் மிளகாயைப் புகாரிலிருந்து எடுத்துவிடுங்கள். அரசு வகுத்திருக்கும் விதைத் தரத்தில் மிளகாயின் குறைந்தபட்ச முளைப்புத் திறனே 60 சதவீதம்தான். தக்காளி, கத்தரிக்கு 70, வெண்டைக்கு 65. பத்துக்கு ஆறு என்றால் அவர் தப்பித்துவிடுவார்.

லெட்டூஸ், காலிஃபிளவர் கதை வேறு. சூடு 30 டிகிரியைத் தாண்டினால் லெட்டூஸ் விதை பெரும்பாலும் முளைக்காமல் உறங்கிவிடும். காலிஃபிளவர் செடி வந்தாலும் பூக் கட்டுவதற்குக் குளிர் வேண்டும். ஊட்டியில் இருப்பவர் இந்தத் தொகுப்பை வாங்கியிருந்தால் சரி. திருச்சி மொட்டை மாடியில், அதுவும் சித்திரை மாதம், அந்த விதை என்ன செய்யும் பாவம்! விதை கெட்டது என்று வாதாடப் போனால் மண், தண்ணீர், ஊன்றிய ஆழம் என்று அவர் ஆயிரம் காரணம் அடுக்குவார். அந்த வாதமே வேண்டாம். குளிர்காலப் பயிரைக் ‘கோடைக்காலத் தொகுப்பு’ என்று பெயர் சூட்டி விற்றது தவறான விளம்பரம். அந்தப் பெயரைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள். ஒழுங்கான விதைப் பாக்கெட்டில் ரகத்தின் பெயர், குவியல் எண், முளைப்புத் திறன், தூய்மை, பரிசோதித்த நாள், எதுவரை செல்லும் என்ற நாள், விற்பனை விலை, நிறுவனத்தின் முகவரி எல்லாம் இருக்கும். பரிசோதித்த நாளிலிருந்து ஒன்பது மாதம்தான் முதல் கெடு. உங்களுக்கு வந்திருப்பவை சின்ன ஜிப் கவரில் ஒரு காய்கறிப் படமும் பெயரும் மட்டும் ஒட்டியவை என்று ஊகிக்கிறேன். நாற்பது வகைத் தொகுப்புகளில் நான் பார்த்தவை பெரும்பாலும் அப்படித்தான். எல்லாவற்றையும் முன்னும் பின்னும் படம் எடுங்கள். விளம்பரப் பக்கத்தையும் இப்போதே படம்பிடித்து வையுங்கள், நாளைக்கே அதை மாற்றிவிடலாம்.

இணைய விற்பனைத் தளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுதுங்கள். 2020-ஆம் ஆண்டின் மின் வணிக விதிகளின்படி, புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் அவர் ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். அசையவில்லை என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். 499 ரூபாய் விஷயம் பெரும்பாலும் இந்தக் கட்டத்திலேயே முடிந்துவிடும். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கே போனாலும், ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் கிடையாது, இரண்டு ஆண்டுகளுக்குள் போக வேண்டும். விதைக்கெல்லாம் நுகர்வோர் சட்டமா என்று யாராவது கேட்டால், விதை வாங்கிய விவசாயிகள் நுகர்வோரே என்று உச்ச நீதிமன்றம் 2012-லேயே சொல்லிவிட்டதை எடுத்துக்காட்டுங்கள்.

அப்புறம், அடுத்த முறை தொகுப்பே வேண்டாம். வெண்டை, கொத்தவரை, காராமணி, கத்தரி, புடலை, பாகல், கீரை. இந்த வெயிலுக்கு இவ்வளவு போதும். வெண்டை 45 நாளில் முதல் பறிப்புக்கு வந்துவிடும், முளைக்கீரைக்கு மூன்றரை வாரம். வெண்டைக்கு மஞ்சள் நரம்பு நோய்தான் பெரிய எதிரி என்பதால் அர்க்கா அனாமிகா போல அந்நோயைத் தாங்கும் ரகமாகக் கேட்டு வாங்குங்கள். தக்காளியை ஆடிக்குத் தள்ளிவையுங்கள். அக்னி நட்சத்திரத்தில் பூப் பூவாகப் பூக்கும், அத்தனையும் உதிரும்.

கேள்வி: செடி வளர்க்கும் 12-க்கு 12 அளவுப் பை ஒரு கடையில் 20 ரூபாய், இன்னொரு கடையில் 60 ரூபாய். அளவு ஒன்றுதானே, விலை ஏன் இப்படி? போன வருடம் வாங்கியது ஆறே மாதத்தில் கிழிந்தது. (மதுரை, ஓய்வு பெற்ற ஆசிரியர்)

பதில்: அளவு ஒன்றே இல்லை என்பதுதான் சூட்சுமம், ஐயா. நெய்த வட்டப் பையில் 12-க்கு 12 என்றால் 12 அங்குல விட்டம், 12 அங்குல உயரம். கணக்குப் போட்டால் 22 லிட்டர். மெல்லிய பாலித்தீன் பையிலோ பல சமயம் தட்டையாகப் படுக்கவைத்து அளந்ததையே 12 என்று போடுகிறார்கள். அதைப் பிரித்து நிறுத்தினால் விட்டம் எட்டு அங்குலம்கூடத் தேறாது, கொள்ளளவு ஒன்பது லிட்டருக்குள். இரண்டுக்கும் பெயர் ஒன்று, உள்ளே போகும் மண் பாதிக்கும் குறைவு. கோடையில் சின்னப் பை மதியத்துக்குள் காய்ந்துவிடும். அதனால் அங்குலத்தைக் கேட்காதீர்கள், எத்தனை லிட்டர் என்று கேளுங்கள். கடைக்காரர் முழித்தால் டேப்பை எடுத்து விட்டத்தை நீங்களே அளந்துவிடுங்கள்.

கிழிந்ததற்குக் காரணம் வெயில். வெயிலைத் தாங்க யு.வி. பாதுகாப்பு சேர்த்த, நெய்த எச்.டி.பி.இ. (கெட்டிப் பிளாஸ்டிக்) பை வாங்குங்கள். அதன் கெட்டியைக் காட்டும் ஜி.எஸ்.எம். எண் (ஒரு சதுர மீட்டருக்கு எத்தனை கிராம்) 220-க்குக் குறையக் கூடாது. தைத்த கைப்பிடியும் அடியில் வடிகால் துளையும் இருக்கின்றனவா என்று பாருங்கள். வெளிப்பக்கம் வெள்ளையாக இருந்தால் வேர் அவ்வளவாகச் சூடாகாது.

தோட்டக்கலைத் துறை மானிய விலையில் கொடுக்கும் மாடித்தோட்டத் தளையையும் (கிட்) விசாரியுங்கள். பை, தென்னை நார்க் கழிவுக் கட்டி, விதை, உயிர் உரம் எல்லாம் சேர்த்தே வரும். விலையும் இருப்பும் ஆண்டுக்கு ஆண்டு மாறும் என்பதால் உங்கள் வட்டாரத் தோட்டக்கலை அலுவலகத்தில் நேரில் கேட்பது நல்லது.

கேள்வி: ஐந்து கிலோ கோகோபீட் (தென்னை நார்க் கழிவு) கட்டி வாங்கிச் செடி வைத்தேன். இலை ஓரமெல்லாம் கருகுகிறது. வெயிலா, உரமா? (சென்னை, வேளச்சேரி)

பதில்: இரண்டையும்விட உப்பின் மேல்தான் எனக்குச் சந்தேகம். தேங்காய் நாரில் இயல்பாகவே உப்பு உண்டு, கழுவாமல் அமுக்கிய கட்டியில் அது அப்படியே இருக்கும். கட்டியின் மேல் ‘லோ இ.சி.’ (உப்பு குறைவு) என்றோ ‘கழுவியது’ என்றோ போட்டிருக்க வேண்டும். போட்டிருந்தாலும் நம்ப வேண்டாம். குடிநீர் சுத்திகரிப்பு இயந்திரத்துக்கு வாங்கிய, தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கும் டி.டி.எஸ். மீட்டர் வீட்டில் கிடக்கும் அல்லவா? ஊறவைக்கும் தண்ணீரை முதலில் அளந்து, கட்டியை ஊறவைத்துப் பிழிந்த தண்ணீரை மறுபடி அளந்து பாருங்கள். எண் எகிறினால் கட்டியைக் கழுவி அந்தத் தண்ணீரைக் கொட்டுங்கள். வித்தியாசம் சொற்பமாகும் வரை, பெரும்பாலும் இரண்டு மூன்று முறை. உங்கள் பகுதி போர்வெல் தண்ணீரே உப்பாக இருந்தால் கோகோபீட்டைக் குறை சொல்லிப் பயனில்லை.

ஒரு ஐந்து கிலோ கட்டி நனைந்தால் 60 முதல் 70 லிட்டர் வரை விரியும். பையில் பாதிக்கு இதுவும் மீதிப் பாதிக்குத் தொழு உரமும் செம்மண்ணும் கலந்தால், மேலே சொன்ன 22 லிட்டர் பை ஆறுக்கு ஒரு கட்டி போதும். கடைக்காரர் பைக்கு ஒரு கட்டி என்று சொன்னால் சிரித்துவிட்டு வாருங்கள்.

கேள்வி: பச்சை வலை 50 சதவீதமா, 75 சதவீதமா? சொட்டுநீர்ப் பாசன கிட்டும் வாங்கலாமா? (ஈரோடு)

பதில்: 50. வெயில் அதிகம் என்று ஒரு கோடையில் நான் 75 வாங்கிக் கட்டி, வெண்டைச் செடி ஆளுயரம் வளர்ந்து ஒரு காய்கூடக் காய்க்காமல் நின்றதைப் பார்த்தவன். சதவீதம் என்பது வலை மறைக்கும் வெளிச்சம். காய்க்கும் செடிக்கு 35 முதல் 50 வரை போதும். கோடை மழைக் காற்று தூக்கிக்கொண்டு போகும், ஓரம் தைத்து வளையம் வைத்ததாக வாங்குங்கள்.

சொட்டுநீர் விஷயத்தில் ஒரே கேள்வி: தண்ணீர் எங்கிருந்து வருகிறது? மாடித் தொட்டி பைகளைவிட ஒரு மீட்டர்தான் உயரம் என்றால் அழுத்தம் 0.1 பார். அழுத்தம் மாறினாலும் ஒரே அளவில் சொட்டும் ‘பிரஷர் காம்பன்சேட்டிங்’ சொட்டுவான்கள் ஒழுங்காக வேலை செய்ய அதைப்போலப் பல மடங்கு வேண்டும், கடைசிப் பைகள் காய்ந்துதான் கிடக்கும். திருகிக் கூட்டிக் குறைக்கும் சாதாரண சொட்டுவானும் ஒரு வடிகட்டியும் கேளுங்கள். இருபது பைக்குள் என்றால் பூவாளியே போதும், ஊருக்குப் போகிறவர்களுக்குத்தான் கிட்.

கேள்வி: புதினா, கொத்தமல்லி, வெந்தயக்கீரை விதைகள் எந்தக் கம்பெனியில் வாங்கலாம்? (தஞ்சாவூர்)

பதில்: எதிலும் வேண்டாம். புதினாக் கட்டில் முற்றிய தண்டை ஊன்றுங்கள், நிழலும் ஈரமும் இருந்தால் பத்து நாளில் துளிர்க்கும். வெந்தயத்தை அஞ்சறைப் பெட்டியிலிருந்தே எடுக்கலாம். கொத்தமல்லிக்கு மளிகைக் கடைத் தனியாவை இரண்டாக உடைத்து, ஒரு இரவு ஊறவைத்துப் போடுங்கள். ஆனால் மே மாதத்தில் அது சீக்கிரம் பூவுக்குப் போய்விடும், இளசாகவே பறித்துவிட வேண்டும்.

ஏற்கெனவே விதைக் கடையில் தனியா வாங்கிவிட்டீர்கள் என்றால் மிச்சத்தை ரசத்துக்குப் போட்டுவிடாதீர்கள். விதைக்காக விற்பதில் பூஞ்சைக்கொல்லி கலந்திருக்கலாம். இளஞ்சிவப்போ பச்சையோ சாயம் ஏறியிருந்தால் சந்தேகமே வேண்டாம், பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள்.