குறி சிதறும் எயார் ரைபிள்: ஸ்பிரிங்கில் கைவைக்க முதல்

கேள்வி: என்னிடம் அனுமதிப்பத்திரத்தோடு 5.5 மில்லிமீற்றர் எயார் ரைபிள் ஒன்று இருக்கிறது. குழலை மடித்து இழுக்கும் ஸ்பிரிங் வகை. கச்சான் (நிலக்கடலை) தோட்டத்துக்கு வரும் எலிக்காகவும் குரங்கு கலைக்கவும் வைத்திருக்கிறேன். முந்தி 25 மீற்றரில் சோடா மூடியில் விழுந்த சன்னம் இப்போது சாப்பாட்டுக் கோப்பை அகலத்துக்குச் சிதறுகிறது. குறிபார்க்கும் தூரக்கண்ணாடி, ஸ்கோப், பூட்டினேன். காவல் கொட்டிலின் குறுக்குத் தடியில் அசையாமல் வைத்தும் அடித்துப் பார்த்தேன். கொஞ்சம் தேங்காய் எண்ணெயும் விட்டேன். ஸ்பிரிங் போய்விட்டது, மாற்று என்கிறார் ஒருவர். மாற்றவா?
வாசகர், ஒலுமடு

பதில்: இப்போதைக்கு வேண்டாம், தம்பி. ஸ்பிரிங் தளர்ந்தால் வேகம் குறைந்து அடி கீழே இறங்கும். நாலாபக்கமும் சிதறுவதற்கு வேறு காரணம் இருக்கும். உங்கள் கடிதத்திலேயே இரண்டு மூன்று கிடக்கிறது.

முதலாவது அந்தக் குறுக்குத் தடி. விசையை அழுத்தியதும் உள்ளே ஸ்பிரிங் தள்ளுகிற பிஸ்டன் முன்னுக்குப் பாய, துவக்கு பின்னுக்கு உதைக்கும். பிஸ்டன் போய் முட்டியதும் முன்னுக்கு ஒரு வெட்டு வெட்டும். இந்தக் குலுக்கல் தொடங்கும்போது சன்னம் இன்னும் குழலுக்குள்தான். கட்டையில் வைத்தால் துவக்கு துள்ளும், அதுவும் ஒவ்வொரு தரம் ஒவ்வொரு மாதிரி. பன்னிரண்டு போர் (12 bore) வேட்டைத் துவக்குப் பழகினவர்கள் தோளோடு இறுக்கி அமத்துவார்கள். இதற்கு அதுவும் ஆகாது. முழங்கையைத் தடியில் ஊன்றுங்கள். இடது உள்ளங்கையை விரித்து அதன்மேல் துவக்கைச் சும்மா கிடக்க விடுங்கள். கோழிக்குஞ்சைப் பிடிக்கிற பிடிதான், அதற்கு மேல் வேண்டாம். ஒவ்வொரு அடிக்கும் கை ஒரே இடத்தில் இருக்கவேண்டும். கை இருக்கும் இடத்தில் மரத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டுக்கொள்ளலாம்.

அப்புறம் திருகாணிகள். மரத்தின் முன்பக்கம் இரண்டு ஓரத்திலும், விசை வளையத்தடியிலும் இருக்கும். கச்சான் காற்று, அதாவது வறண்ட தென்மேற்குக் காற்று, அடிக்கும் மாதங்களில் எங்கள் பக்கத்து வெக்கைக்கு மரம் வற்றிச் சுருங்கும், ஆணி தானாக இளகும். என்னிடம் 'ஸ்பிரிங் போச்சு' என்று கொண்டுவந்த எத்தனையோ துவக்குகளை ஒரு திருகாணிச் சாவியால் இறுக்கிக் கொடுத்தே திருப்பி அனுப்பியிருக்கிறேன். குழல் மடியும் மூட்டையும் பாருங்கள். பூட்டிய நிலையில் குழலைப் பிடித்து இடம்வலம் ஆட்டினால் ஆடக்கூடாது.

ஸ்கோப் பூட்டினீர்கள், சரி. ஆனால் முன்னும் பின்னும் வெட்டுகிற இந்தக் குலுக்கலுக்குச் சாதாரண ஸ்கோப் தாங்காது, உள்ளே கண்ணாடி கழன்றுவிடும். ஸ்கோப்பைத் துவக்கோடு பூட்டுகிற பிடியும் மெல்ல மெல்லப் பின்னுக்கு ஊரும். பிடியின் ஓரத்தில் ஒரு கீறல் போட்டுவைத்து இருபது அடி அடித்தபின் பாருங்கள், விளங்கும். ஸ்கோப்பைக் கழற்றி, துவக்கிலேயே உள்ள இரும்புக் குறியில் அடித்துப் பார்த்தால் வழக்கு இன்னும் சுலபமாகத் தீரும்.

தேங்காய் எண்ணெய் விட்டதுதான் எனக்குக் கோபம். காற்று அமுங்கும் அறைக்குள் எண்ணெய் போனால் அந்தச் சூட்டில் பற்றி வெடிக்கும். புகையும் 'படார்' சத்தமும் வந்தால் அதுதான். ஒரு அடி வேகமாகப் போகும், அடுத்தது மெதுவாக. எப்படிக் குறி நிற்கும்? இனி ஒரு சொட்டும் வேண்டாம். குழலை மட்டும், மீன்பிடிக்கிற நைலோன் கயிற்றில் பருத்தித்துணி கட்டி, சன்னம் போடுகிற பக்கத்திலிருந்து வாய்ப்பக்கம் இழுத்துத் துடையுங்கள். இரும்புக் கம்பி விட்டால் குழல்வாய் தேயும். தேய்ந்த வாய்க்கு மருந்து இல்லை.

சன்னத்தைக் கண்ணாடித் துண்டில் உருட்டிப் பாருங்கள். பாவாடை, அதாவது சன்னத்தின் பின்பக்க விரிந்த விளிம்பு, நெளிந்தது ஆடி ஆடி ஓடும், அதை எறியுங்கள். ஈயம் மெத்தென்றது, டப்பா ஒருதரம் கீழே விழுந்தாலே போதும்.

சோதனையைக் காற்று எழும்ப முதல், விடியப்புறம் செய்யுங்கள். காய்ந்த புற்றுக்கு முன்னால் கடதாசி வையுங்கள், புற்றில் பாம்பு இல்லையென்று பார்த்துவிட்டு. குரங்குக்கு இந்த மெனக்கெடல் தேவையில்லை. தொங்கவிட்ட தகரத்தில் சன்னம் பட்டாலே அந்தச் சத்தத்துக்கு ஓடும். பன்றிக்கு மட்டும் இதைத் தூக்கவேண்டாம். காயம்பட்ட பன்றி உங்களைத்தான் தேடும்.

இவ்வளவுக்கும் சரிவராவிட்டால், குழல் மூட்டின் மேல் மெல்லிய கடதாசித் துண்டை வைத்து ஒரு அடி. கடதாசி பறந்தால் அங்கிருக்கும் வாஷர் போய்விட்டது, அதை மாற்றலாம். பறக்கவில்லையென்றால்தான் உள்ளே திறக்கவேண்டும். அதை வீட்டில் செய்யாதீர்கள். ஸ்பிரிங் அமுக்கத்தில் இருக்கும், ஆணியைக் கழற்றியதும் முகத்துக்குத்தான் பாயும்.