பள்ளிக்கூட வாசலைத் தாண்டிப் போகும் வேன்

(31 ஆண்டு ஆசிரியப் பணி, அதில் கடைசி ஒன்பது ஆண்டு ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளித் தலைமையாசிரியை. 2024 மே மாதம் ஓய்வு பெற்றவர், வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.)

கேள்வி: எங்கள் வாசலில் நின்று எட்டிப் பார்த்தால் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளி தெரியும். நடந்தால் மூன்று நிமிடம். ஆனால் எங்கள் தெருவிலிருந்து ஒரு பிள்ளைகூட அங்கே படிக்கவில்லை. காலை ஏழரைக்கு மஞ்சள் வேன் வந்து ஏற்றிக்கொண்டு, அந்தப் பள்ளி வாசலைத் தாண்டித்தான் டவுனுக்குப் போகிறது. என் மகள் மெட்ரிக் பள்ளியில் ஐந்தாவது படிக்கிறாள். ஆறாவதுக்கு இங்கேயே சேர்க்கலாமா என்று கேட்டேன். பிள்ளையைக் கிணற்றில் தள்ளப் போகிறவளைப் பார்ப்பதுபோல் வீட்டில் எல்லோரும் பார்க்கிறார்கள். பள்ளி அவ்வளவு மோசமா?
– ஒரு வாசகி, மன்னார்குடி அருகே

பதில்: அந்தப் பள்ளிக்குள் நீங்கள் எப்போதாவது போயிருக்கிறீர்களா அம்மா? ஓட்டுப் போடப் போனதைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

கிண்டலுக்குக் கேட்கவில்லை. பள்ளி மோசம் என்று என்னிடம் சொன்னவர்களில் பாதிப்பேர் உள்ளே வந்து பார்த்தவர்கள் இல்லை. ஆண்டுதோறும் மே மாத வெயிலில் நோட்டீஸை எடுத்துக்கொண்டு தெருத்தெருவாகப் போவோம். ஒரு வருஷம் குடியானத் தெருவில் ஒரு வீட்டில் உட்காரவைத்து மோர் கொடுத்தார்கள். அந்தப் பெண் என்னிடமே படித்தவள். "நீங்க நல்லா சொல்லித் தருவீங்கன்னு எனக்குத் தெரியாதா டீச்சர்?" என்றாள். அப்புறம் என்னம்மா என்றேன். "யாரும் அனுப்பலையே டீச்சர்" என்றாள்.

அடுத்த வீட்டிலும் அதையேதான் சொன்னார்கள், அதற்கடுத்த வீட்டிலும். ஆக மொத்தம் யாரும் அனுப்பாததால் யாரும் அனுப்பவில்லை. நாங்கள் கிளம்பும்போது, திண்ணையில் வெற்றிலை இடித்துக்கொண்டிருந்த அவள் மாமியார்தான் மிச்சத்தைச் சொன்னார். "காலனிப் பிள்ளைங்கதானே அங்க படிக்குது." மருமகள் தலையைக் குனிந்துகொண்டாள்.

உங்கள் வீட்டில் இதை வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். 'சூழ்நிலை சரியில்லை', 'பழக்கவழக்கம் கெட்டுப்போகும்', 'பேச்சு மாறிவிடும்' என்றெல்லாம் சுற்றி வளைப்பார்கள். எங்கள் பக்கத்தில் இந்த வார்த்தைகளுக்கு எல்லாம் ஒரே அர்த்தம்தான். வேன் கட்டணத்தில் ஒரு பங்கு இதற்காகவும்தான் போகிறது. நான் பார்த்த பிள்ளைகளில் முதல் மணிக்கு முன்பே வந்து வகுப்பைப் பெருக்கி, கரும்பலகையில் தேதி எழுதி வைத்தவர்கள் அந்தக் காலனிப் பிள்ளைகள்தான்.

சரி, சாதி மட்டும்தான் காரணம் என்று சொன்னால் நான் பொய் சொன்னவளாவேன்.

முதலில் வயதுக் கணக்கைப் பாருங்கள். தனியார் பள்ளி மூன்று வயதிலேயே பிள்ளையைப் பிடித்துவிடுகிறது. விஜயதசமிக்கே எல்.கே.ஜி. சேர்க்கை போர்டு வைத்துவிடுவார்கள். அரசுப் பள்ளியோ ஐந்து வயதில் ஒன்றாம் வகுப்புக்குத்தான் கதவைத் திறக்கும். நாங்கள் நோட்டீஸோடு போய் நிற்கும்போது அந்தக் குழந்தை யு.கே.ஜி. முடித்து, எலாஸ்டிக் டை மாட்டிக்கொண்டு எங்களுக்கே ரைம்ஸ் பாடிக் காட்டும். 2019 ஜனவரியில் நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இருந்த 2,381 அங்கன்வாடிகளில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. தொடங்கினார்கள். நல்ல யோசனைதான். ஆனால் அதற்கென்று தனியாக ஆசிரியர்களை நியமிக்காமல், ஏற்கெனவே இருந்தவர்களை மாற்றி அனுப்பினார்கள். மனசு வைத்தவர்கள் இருந்த இடத்தில் ஓடியது. மற்ற இடங்களில் பேருக்கு நடந்தது.

இரண்டாவது, நீங்கள் கேட்கும் அந்த ஆறாம் வகுப்பு. இதை வெளியே யாரும் அதிகம் பேசுவதில்லை, தலைமையாசிரியர்களுக்கு மட்டும் தெரிந்த தலைவலி. நடுநிலைப் பள்ளி ஒன்று முதல் எட்டு வரை. உயர்நிலைப் பள்ளியும் மேல்நிலைப் பள்ளியும் ஆறிலிருந்தே தொடங்குகின்றன. எங்களிடம் எட்டு வரை படித்தால் ஒன்பதாவதுக்கு மறுபடியும் இடம் தேடி அலைய வேண்டும். டவுன் மேல்நிலைப் பள்ளியில் ஆறிலேயே போட்டுவிட்டால் பன்னிரண்டு வரை கவலையில்லை. அதனால் ஐந்து வரை எங்களிடம் படித்த பிள்ளைகூட ஜூன் மாதம் டி.சி. கேட்டு வந்து நிற்கும். போகாதே என்று எந்த வாயால் சொல்வது?

7.5 சதவீத இட ஒதுக்கீடு வந்த பிறகு இது இன்னும் கூடியது. 2020-இல் மருத்துவப் படிப்புக்கும் அடுத்த ஆண்டு பொறியியல் முதலான படிப்புகளுக்கும் வந்த அந்த ஒதுக்கீடு, ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு. உதவி பெறும் பள்ளி கணக்கில் வராது. கல்லூரிக்குப் போகும் பெண்களுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டத்திலும் ஆறாம் வகுப்பிலிருந்துதான் கணக்கு. ஆகவே விவரம் தெரிந்த பெற்றோர் ஐந்து வரை மெட்ரிக்கில் வைத்திருந்துவிட்டு ஆறாவதில் அரசுப் பள்ளிக்குத் திரும்புகிறார்கள். திரும்புவது டவுன் மேல்நிலைப் பள்ளிக்கு. தெருமுனை நடுநிலைப் பள்ளி இப்போதும் வழியில் பார்க்கிற கட்டடம்தான். ஆனால் அதுவும் அரசுப் பள்ளிதான், அங்கே படிக்கும் ஆறு, ஏழு, எட்டும் இந்தக் கணக்கில் சேரும். இது தெரியாமல் என்னிடம் கேட்டவர்கள் பல பேர்.

இனி எங்கள் பக்கத்துக் குறைகள். கழிப்பறையிலிருந்து தொடங்குகிறேன், தாய்மார்கள் அங்கிருந்துதான் தொடங்குவார்கள். ஏழாம் வகுப்பில் ஒரு பெண் மதியம் சாப்பிட்டுவிட்டுத் தண்ணீரே குடிக்காமல் எழுந்து போவதைக் கவனித்தேன். கேட்டால் சிரித்தாள். தனியாகக் கூப்பிட்டுக் கேட்டதும், "தண்ணி குடிச்சா ஒன்னுக்கு வரும் டீச்சர்" என்றாள். கதவில் தாழ்ப்பாள் இல்லை. ஒரு பெண் உள்ளே போனால் இன்னொருத்தி வெளியே கதவைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். பிடித்துக்கொள்ளும் தோழி அன்றைக்கு லீவு. எத்தனை நாள் என் கண்ணெதிரே நடந்திருக்கிறது, நான் வருகைப் பதிவேட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். தாழ்ப்பாளை அன்று மாலையே கடையில் வாங்கிப் போட்டுவிட்டேன். தண்ணீர் மோட்டாரைச் சரிசெய்ய நாலு மாதம் ஆனது. பெருக்கிக் கழுவ வருகிற அம்மாவுக்குக் கொடுத்த கூலியை இங்கே எழுத எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

அடுத்தது ஆசிரியர். ஆறு, ஏழு, எட்டு மூன்று வகுப்புக்கும் சேர்த்து எங்களுக்கு மூன்று பட்டதாரி ஆசிரியர்கள். ஒருவரே கணக்கும் அறிவியலும் எடுப்பார், ஒருவர் சமூக அறிவியல், ஒருவர் மொழிப்பாடம். ஒருவர் கலந்தாய்வில் மாறிப் போனால் அந்த இடம் அப்படியே கிடக்கும். என் பள்ளியில் ஒன்றரை வருஷம் ஆங்கிலத்தைச் சமூக அறிவியல் டீச்சர்தான் நடத்தினார். கெட்டிக்காரர்தான், ஆனால் தன் பாடத்தையும் அவரே நடத்த வேண்டுமே. கீழ் வகுப்புகளில் ஐந்து வகுப்புக்கு மூன்று பேர், ஓர் அறையில் இரண்டு வகுப்பு. இதில் ஒருவர் பயிற்சிக்குப் போவார், ஒருவர் எமிஸில், அதாவது மாணவர் விவரங்களைப் பதியும் அரசு இணையதளத்தில், விவரம் ஏற்றிக்கொண்டிருப்பார். வாசலில் நின்று பார்க்கிற அப்பாவுக்கு 'வாத்தியார் போனை நோண்டிக்கிட்டு இருக்கார்' என்றுதான் தெரியும்.

பாடத்தில் குறையா என்றால், 2011-இல் சமச்சீர் கல்வி வந்ததிலிருந்து மெட்ரிக்குக்கும் எங்களுக்கும் பாடத்திட்டம் ஒன்றுதான். எங்களிடம் ஆங்கில வழிப் பிரிவு உள்ள பள்ளிகளும் உண்டு. ஆங்கிலம் பேசுவது வேறு விஷயம், அதில் நாங்கள் பின்தங்கித்தான் இருந்தோம். ஒன்று செய்யுங்கள். உங்கள் மகளின் ஐந்தாம் வகுப்பு ஆங்கிலப் புத்தகத்தில் ஒரு பத்தியைப் படிக்கச் சொல்லி, என்ன புரிந்தது என்று தமிழில் கேளுங்கள். கொரோனாவுக்குப் பிறகு 2021-இல் பீஸ் கட்ட முடியாமல் எங்களிடம் வந்த மெட்ரிக் பிள்ளைகளிடம் நான் இதைத்தான் செய்தேன். படித்தார்கள், தங்குதடையில்லாமல் படித்தார்கள். என்ன புரிந்தது என்றால் மறுபடியும் அதையே படித்துக் காட்டினார்கள். வருமானம் திரும்பியதும் அவர்களில் பாதிப்பேர் வேனுக்குத் திரும்பிவிட்டார்கள், அது வேறு கதை.

இன்னொன்று, சின்ன விஷயம்தான். காலை உணவுத் திட்டம் வந்தபோது ஒன்று முதல் ஐந்து வரைதான். ஒரே வளாகத்தில் தம்பி பொங்கல் சாப்பிடுவான், ஆறாவது படிக்கிற அக்கா தூணைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். மிச்சம் இருந்தால் சமைக்கிற அம்மா அவளையும் கண்ணைக் காட்டிக் கூப்பிடுவார். நான் வேறு பக்கம் திரும்பிக்கொள்வேன்.

உங்கள் மகள் விஷயத்துக்கு வருகிறேன். சேருங்கள், சேர்க்காதீர்கள் என்று நான் இங்கிருந்து சொல்வது சரியாகாது. ஒரு வேலை நாளில், பதினொரு மணி வாக்கில் போங்கள். கழிப்பறையை நீங்களே திறந்து பாருங்கள், குழாயையும் திருகிப் பாருங்கள். கணக்கு–அறிவியல் ஆசிரியர் யார், எத்தனை வருஷமாக இருக்கிறார் என்று கேளுங்கள். அவர் இருந்தால் பாதிக் கவலை தீர்ந்தது. போன வருஷம் எட்டு முடித்தவர்கள் ஒன்பதாவதுக்கு எங்கே சேர்ந்தார்கள் என்று தலைமையாசிரியரிடம் கேளுங்கள். நல்ல தலைமையாசிரியர் என்றால் பிள்ளை பிள்ளையாகப் பெயர் சொல்லுவார். ஆசிரியர் இடம் காலியாக இருந்தால் யோசியுங்கள், டவுன் மேல்நிலைப் பள்ளியையும் பாருங்கள். அதில் தப்பில்லை.

தனியாக மட்டும் போகாதீர்கள். என் பள்ளியில் ஒரு தையல்காரர் தன் இரட்டைப் பெண்களைக் கொண்டுவந்து சேர்த்தார். அதே வாரம் அவர் கடைக்கு எதிரில் இருந்த இரண்டு வீட்டுப் பிள்ளைகள் வந்தார்கள். அவருக்கு முன்னால் ஒரு அம்மா தன் மகனைத் தனியாகக் கொண்டுவந்து விட்டார். ஊர் பேச்சுத் தாங்காமல் தீபாவளிக்குள் அழைத்துக்கொண்டு போய்விட்டார். உங்கள் தெருவில் ஐந்தாவது படிக்கிற பிள்ளைகள் இன்னும் எத்தனை பேர்? அந்த அம்மாக்களிடம் பேசிப் பாருங்கள். சேர்த்தால், பள்ளி மேலாண்மைக் குழுவுக்குள்ளும் நுழைந்துவிடுங்கள். அதில் முக்கால்வாசி இடம் பெற்றோருக்கு, பாதி இடம் பெண்களுக்கு, சட்டமே சொல்கிறது. தாழ்ப்பாள் விஷயத்தை அங்கே கேட்கலாம். நான் இருந்தவரை எங்கள் குழுவில் கையெழுத்துப் போட்டு டீ குடித்துவிட்டுப் போனவர்கள்தான் அதிகம்.

கேள்வி: அரசுப் பள்ளி ஆசிரியர்களே தங்கள் பிள்ளைகளைத் தனியாரில்தான் படிக்கவைக்கிறார்கள். அப்புறம் எங்களை மட்டும் ஏன் கூப்பிடுகிறீர்கள்?
– ஒரு வாசகர், செய்யாறு

பதில்: நல்ல அடி. வாங்கிக்கொள்கிறேன்.

என் மகன் படித்தது மெட்ரிக் பள்ளியில். காலையில் அவனை வேனில் ஏற்றிவிட்டுத்தான் நான் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு என் பள்ளிக்குப் போவேன். ஒருமுறை சேர்க்கைக்குப் போன வீட்டில் ஒருவர், "தம்பி எங்க படிக்குது டீச்சர்?" என்று கேட்டார். "அவங்க அப்பா ஆபீஸ் பக்கம்" என்று சொல்லி மழுப்பினேன். அவருக்குப் புரிந்துவிட்டது. நோட்டீஸை வாங்கி மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார், ஒன்றும் பேசவில்லை.

2011-இல் ஈரோடு மாவட்ட ஆட்சியராக இருந்த ஆனந்தகுமார், குமலன்குட்டை ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் தன் மகளைச் சேர்த்தார். ஆசிரியர் அறையில் அந்தச் செய்தித்தாள் கை மாறிக்கொண்டே இருந்தது. எல்லோரும் பாராட்டினோம். அதைப் பார்த்து நாங்கள் யாரும் எங்கள் பிள்ளைக்கு டி.சி. வாங்கவில்லை. 2015-இல் அலகாபாத் உயர் நீதிமன்றம், உத்தரப் பிரதேச அரசு ஊழியர்கள் தங்கள் பிள்ளைகளை அரசுத் தொடக்கப் பள்ளிக்கு அனுப்ப வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னது. அதையும் ஆசிரியர் அறையில் படித்தோம். அன்றைக்குப் பாராட்டு இல்லை.

ஏன் அனுப்பவில்லை என்றால், நானும் தெருவைப் பார்த்துத்தான் முடிவு செய்தேன். என் மாமியார் கேட்டதும் அந்தத் திண்ணை மாமியார் கேட்டதுபோலத்தான். அதோடு, நான் பாடம் நடத்துகிற வகுப்பில் என்னென்ன குறை என்று எனக்கு அதிகமாகவே தெரிந்திருந்தது.

கேள்வி: என் மகன் தனியார் பள்ளியில் ஏழாவது முடித்தான். பீஸ் பாக்கி இருப்பதால் டி.சி. தர மறுக்கிறார்கள். அரசு நடுநிலைப் பள்ளியில் எட்டாவது சேர்க்க முடியுமா?
– ஒரு வாசகி, அறந்தாங்கி

பதில்: முடியும். டி.சி. வரத் தாமதமாகிறது என்பதைக் காரணம் காட்டிச் சேர்க்கையை மறுக்கவோ தள்ளிப்போடவோ கூடாது என்று கல்வி உரிமைச் சட்டத்தின் 5-ஆம் பிரிவிலேயே இருக்கிறது. எட்டாம் வகுப்பு வரை இது பொருந்தும். பிறப்புச் சான்றிதழ், ஆதார், ஏழாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல், எது கையில் இருக்கிறதோ அதை எடுத்துக்கொண்டு நேரே தலைமையாசிரியரைப் பாருங்கள். எமிஸில் பையனின் பெயரைப் பழைய பள்ளி விடுவிக்காமல் இழுத்தடிக்கும். அதற்கு வட்டாரக் கல்வி அலுவலரிடம் எழுதிக் கொடுங்கள், மனுவின் நகலில் தேதியோடு முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். அதுவரை பையன் வகுப்பில் உட்காரலாம். மதியம் சாப்பாடும் முட்டையும் உண்டு, தட்டு மட்டும் கொடுத்தனுப்புங்கள்.